நரைத்த பம்பருக்கு எண்ணெய் தேய்ப்பதா, டை அடிப்பதா?

போன ஆவணியில் தேவகோட்டைப் பக்கம் ஒரு கல்யாணம். கிளம்பும் அவசரத்தில், இரண்டு கையிலும் பை இருந்ததால் கார்க் கதவை இடுப்பால் தள்ளி மூடினேன். மண்டபத்து வாசலில் இறங்கும்போது வீட்டுக்காரிதான் பார்த்தாள். "என்னங்க இது, அடுப்புக்குள்ளயா உக்காந்திருந்தீங்க?" புது வேட்டியில் தொடைக்கு நேரே ஒரு சாண் நீளத்துக்குக் கறுப்புத் தீற்றல். முந்தின நாள் சாயங்காலம் நானே அக்கறையாகக் கதவு கிளாடிங்கில், அதாவது கதவில் ஒட்டிய கறுப்பு பிளாஸ்டிக் பட்டையில், தேய்த்த டயர் பாலிஷ் அது. தாலி கட்டி முடியும்வரை மேல்துண்டை முன்னால் தொங்கவிட்டபடியே உட்கார்ந்திருந்தேன்.

வேட்டியில் பட்டது இன்றுவரை போகவில்லை. கிளாடிங்கில் பட்டது பத்தாம் நாளே போய்விட்டது. அந்தக் கடுப்பில்தான், வெளுத்துப்போன கார் பிளாஸ்டிக்குக்கு ஆளாளுக்குச் சொல்லும் வைத்தியங்களை ஒவ்வொன்றாகப் பார்க்க ஆரம்பித்தேன். சிலவற்றை என் காரிலேயே செய்து பார்த்தேன். சிலவற்றைச் செய்யாமல் விட்டதற்குக் காரணம் உண்டு.

பார்த்தது இரண்டு கார்களை வைத்து. ஒன்று என்னுடையது, 2014 மாடல். காரைக்குடியில் நாங்கள் இருக்கும் வீட்டில் ஷெட் கிடையாது. தெருவிலேயே, முகப்பு மேற்கே பார்த்து, நாள் முழுக்க வெயிலில் நிற்கிறது. இன்னொன்று கானாடுகாத்தானில் நண்பர் ஒருவரின் பூர்வீக வீட்டில் நிற்பது. அவர் சிங்கப்பூரில் இருக்கிறார். வருஷத்துக்கு இரண்டு முறை, கோயில் படைப்புக்கும் யார் வீட்டுக் கல்யாணத்துக்கும் வரும்போதுதான் கார் வெளியே வரும். மற்ற நாளெல்லாம் பின்கட்டுக்கு வெளியே தகரக் கொட்டகையில் தூக்கம். வீட்டையும் காரையும் பார்த்துக்கொள்ளும் அண்ணன் வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து நிறுத்துவார்.

அந்தக் காரைச் சுற்றி வந்தபோது ஒன்று கண்ணில் பட்டது. வலது பக்கக் கிளாடிங் நல்ல கறுப்பு. இடது பக்கம் சாம்பல். ஒரே கார், ஒரே வயது, ஒரே தண்ணீரில் கழுவியது. இடது பக்கம் கொட்டகைக்குச் சுவர் கிடையாது; மத்தியானத்துக்கு மேல் சாய்கிற வெயில் அந்தப் பக்கமாக உள்ளே வருகிறது. "வண்டி ஒருக்களிச்சுப் படுத்து வெயில் காஞ்சிருக்கு தம்பி" என்றார் அண்ணன். காரணத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

அம்பாசடர் ஓடிய காலத்தில் இந்தக் கவலை இல்லை. பம்பர் இரும்பில் குரோம் முலாம். கண்ணாடியைச் சுற்றி ரப்பர் பீடிங். வெளியே பிளாஸ்டிக் என்று சொல்லும்படி அதிகம் கிடையாது. அன்றைய பயம் துரு. துருவை ஆராய்வதற்கு நம் ஊரிலேயே செக்ரி என்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் 1953-லிருந்து இருக்கிறது. பிளாஸ்டிக் துருப்பிடிக்காது என்று நாம் நிம்மதியாக இருந்தோம். அது நரைக்கும் என்று யாரும் சொல்லவில்லை. இன்றைக்குச் சின்னக் காருக்குக்கூட சக்கர வளைவு, கதவடி, பம்பரின் கீழ்ப்பாதி, கூரைக் கம்பி, கண்ணாடிக்குக் கீழே வைப்பரை ஒட்டிய ஜல்லடை என்று பெயின்ட் அடிக்காத கறுப்பு பிளாஸ்டிக் சுற்றிச் சுற்றி இருக்கிறது.

ஏன் நரைக்கிறது

இந்தக் கறுப்பு பிளாஸ்டிக் பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன். அடிபட்டால் உடையாமல் வளைய இ.பி.டி.எம் ரப்பரையும், விறைப்பாக நிற்க டால்க் பொடியையும் சேர்த்து வார்க்கிறார்கள். கழற்றிய துண்டைத் திருப்பிப் பார்த்தால் உட்புறத்தில் "பி.பி+இ.பி.டி.எம்-டி.டி20" என்கிற மாதிரி பொறித்திருக்கும். கடைசியில் வரும் 20, நூற்றுக்கு இருபது பங்கு டால்க் என்பதன் குறி. டால்க் என்றால் முகத்துக்குப் போடும் பவுடரில் இருக்கும் அதே கல் பொடி. வெள்ளை.

வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர் பாலிபுரொப்பிலீனின் நீண்ட சங்கிலிகளை அறுக்கிறது. அதைத் தடுக்கத்தான் கார்பன் கருமையும் வேறு சில காப்புப் பொருள்களும் உள்ளே கலந்திருக்கின்றன. மொட்டைமாடியில் கறுப்புத் தண்ணீர்த் தொட்டி வருஷக்கணக்கில் வெயிலில் நிற்பது கார்பன் கருமையின் புண்ணியத்தில்தான். ஆனால் எந்தக் காப்பும் மேல்தோலில் கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்ந்துபோகும். தோல் பொரிந்து கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் விழுகின்றன. உள்ளிருக்கும் டால்க் வெளியே தலை காட்டுகிறது. பட்ட ஒளி நேராகத் திரும்பாமல் சிதறுவதால் கறுப்பு சாம்பலாகத் தெரிகிறது. வெளுத்திருப்பது தலைமுடி கனம்கூட இல்லாத மேல்தோல் மட்டும்தான். அடியில் பழைய கறுப்பு அப்படியே இருக்கிறது.

எந்த வைத்தியம் என்று முடிவு செய்வதற்கு முன்னால் பத்து ரூபாய்கூடச் செலவில்லாத ஒரு சோதனை. காரைக் கழுவிக் காயவிட்டு, நரைத்த இடத்தில் ஈர விரலை வைத்து ஒரு கோடு இழுங்கள். ஈரம் இருக்கும்வரை அந்தக் கோடு நல்ல கறுப்பாகத் தெரிந்தால், பள்ளங்களைத் தண்ணீர் நிரப்பியதால் ஒளி சிதறவில்லை என்று பொருள். தண்ணீருக்குப் பதில் காயாத ஒன்றை அங்கே நிறுத்தினால் வேலை முடிந்தது. ஈரத்திலும் சாம்பலாகவே தெரிந்து, விரலிலும் மாவு ஒட்டினால் நிலைமை முற்றிவிட்டது. என் காரில் கதவுக் கிளாடிங் முதல் ரகம். பம்பரின் மேல் விளிம்பு இரண்டாம் ரகம்.

எண்ணெய்

எண்ணெய் மேல் நம் பக்கத்து ஆட்களுக்கு இருக்கும் நம்பிக்கைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஆத்தங்குடிக் கல் பதித்த தரையைத் துடைக்கும் தண்ணீரில் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டால் பளபளவென்று நிற்கும். பர்மாத் தேக்குத் தூணுக்கு எண்ணெய் பூசினால் மரம் இழுத்துக்கொண்டு நிறம் ஏறும். தரைக்கும் தூணுக்கும் ஆகிறது பம்பருக்கு ஆகாதா என்று தோன்றுவது இயல்பு.

ஆகாது. சிமென்ட்டில் வார்த்த ஆத்தங்குடிக் கல்லுக்கு நுண்துளை உண்டு, மரத்துக்கு நரம்பு உண்டு. இரண்டும் எண்ணெயைக் குடிக்கும். பாலிபுரொப்பிலீன் குடிக்காது. எண்ணெய் மேலே உட்கார்ந்து, தண்ணீர் செய்த அதே வேலையைக் கொஞ்சம் கூடுதல் நேரம் செய்யும். தேய்த்த அன்று மாலை காரைப் பார்த்தால் ஷோரூமிலிருந்து இறங்கியது மாதிரி இருக்கும். மறுநாள் குன்றக்குடி ரோட்டில் ஒரு நடை போய் வந்தால் செம்மண் முழுக்க அதில்தான். மூன்றாம் நாள் கிளாடிங்கில் கறுப்பும் இல்லை, சாம்பலும் இல்லை, செங்கல் நிறம். தாவர எண்ணெய் காற்றுப் பட்டுப் பட்டுப் பிசுக்காகவும் மாறும்; பிறகு அதைக் கழுவி எடுப்பது தனி வேலை.

தேங்காய் எண்ணெயாவது பிளாஸ்டிக்குக்குக் கெடுதல் செய்யாது. டீசல், மண்ணெண்ணெய், பழைய என்ஜின் ஆயில் தேய்ப்பவர்களும் இருக்கிறார்கள். கதவு ரப்பர் பெரும்பாலும் இ.பி.டி.எம்; வெயில், மழை எல்லாவற்றையும் தாங்கும், பெட்ரோலிய எண்ணெயை மட்டும் தாங்காது. ஊறிப் பருத்து நெகிழ்ந்துவிடும். பிளாஸ்டிக்கில் தேய்க்கிற துணி பக்கத்து ரப்பரில் படாமல் இருக்கப் போவதில்லை. ஷூ பாலிஷ் யோசனையும் உண்டு. முதல் மழையில் கதவில் கறுப்புக் கண்ணீர் வடியும், அவ்வளவுதான்.

டயர் பாலிஷ்

வாட்டர் சர்வீஸில் கார் விட்டால் கடைசியில் கேட்காமலே டயருக்கும் பம்பருக்கும் அடித்து அனுப்புவது இதுதான். கரைப்பானில் கரைத்த சிலிக்கோன் எண்ணெய். பளபளப்பு அபாரம். கரைப்பான் ஆவியானதும் மேலே தங்குவது எண்ணெய்ப் படலம். தூசியைப் பிடிக்கும், துணியில் ஒட்டும், மழைத் தண்ணீரோடு பெயின்ட்டில் கோடாக வழியும். என் வேட்டி சாட்சி.

அதைவிட முக்கியமான தொந்தரவு ஒன்று உண்டு. டிங்கரிங் பட்டறையில் கேட்டுப் பாருங்கள். சிலிக்கோன் பட்ட இடத்தில் பெயின்ட் ஒட்டாமல் வட்ட வட்டமாக விலகும், "ஃபிஷ் ஐ" என்பார்கள். நாளைக்கு அந்தக் கதவை பெயின்ட் அடிக்க வேண்டி வந்தால் பெயின்டர் உங்களைத் திட்டிக்கொண்டேதான் துடைப்பார். டயர் பாலிஷை டயரின் பக்கவாட்டோடு நிறுத்துங்கள். சாலையில் பதியும் முகத்திலும் பிரேக் டிஸ்க்கிலும் படவே கூடாது.

பால் மாதிரி இருக்கும் புரொடெக்டன்ட்

தண்ணீரில் கலந்த சிலிக்கோன் அல்லது பாலிமர். தெளித்தால் பால் வெள்ளையாக இருக்கும், துடைத்தால் மறைந்துவிடும். ஆர்மர் ஆல், 303 போன்றவை இந்த வகை. நல்லதாக இருந்தால் புற ஊதாவை உறிஞ்சும் பொருளும் கலந்திருக்கும். குப்பியின் பின்பக்கத்தில் அதைத்தான் தேட வேண்டும். வெறும் பளபளப்பைப் பற்றி மட்டும் பேசும் குப்பியை அதே இடத்தில் வைத்துவிடலாம்.

கையில் ஒட்டாது, பளபளக்காது, புது பிளாஸ்டிக்கின் மங்கலான கறுப்பு வரும். முற்றிய நரைக்கு இது போதாது. என் காரின் பம்பர் விளிம்பில் அடித்தேன். காய்ந்ததும் சாம்பல் திரும்பிவிட்டது. கதவில் மூன்று வாரம் நின்றது, சித்திரை வெயிலில் அதுகூட இல்லை. தலைக்குத் தினமும் எண்ணெய் வைப்பது போல மாதாமாதம் செய்கிற பராமரிப்பு என்று நினைத்தால் ஏமாற்றம் இருக்காது. புதுக் கார் வாங்கியவர்களுக்கு நான் சொல்வது இது ஒன்றுதான். நரைக்காத முடிக்கு டை எதற்கு?

டையும் செராமிக்கும்

நரைத்துவிட்ட காருக்கு உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும் நடுவில்தான். மற்றதெல்லாம் ஓரமாக நிற்க வேண்டியவை.

டை என்று நான் சொல்வது, கறுப்பு நிறமியோ சாயமோ கலந்த டிரிம் ரெஸ்டோரர்களை. சொலுஷன் ஃபினிஷ் அந்த வகையில் பேர் பெற்றது. குப்பியைத் திறந்தால் மை மாதிரி இருக்கும். ஃபோம் பேடில் ஐந்தாறு சொட்டு விட்டு ஒரு கைக்குட்டை அளவு இடத்தில் வட்டமாகத் தேய்த்து, உடனே வேறு துணியால் மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும். நிறம் அந்த நுண் பள்ளங்களுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. மிச்சத்தைத் துடைக்காமல் விட்டால் மறுபடி வேட்டிக் கதைதான்.

போன மார்கழியில் என் காருக்கு இதைச் செய்தேன். ஒரு சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு ஆரம்பித்துப் பத்தரைக்கு முடிந்தது. அதில் டை பூசிய நேரம் முக்கால் மணிதான். மீதி எல்லாம் கழுவல். பழைய டூத் பிரஷ், கார் ஷாம்பு, எண்ணெய்ப் பிசுக்குக்கு நீர்க்கக் கலந்த கிளீனர். சொரசொரப்பான பிளாஸ்டிக்கின் பள்ளங்களிலிருந்து செம்மண் தண்ணீர் வருகிறது, வருகிறது, வந்துகொண்டே இருக்கிறது. நாலாவது வாளிக்குப் பிறகுதான் நுரை வெள்ளையானது. முன்பு எப்போதோ பாலிஷ் போட்டவர் கிளாடிங்கிலும் இழுத்துவிட்ட வெள்ளை மெழுகுத் தடங்கள் தனி. அவற்றைப் பையனின் பென்சில் அழிப்பானால் தேய்த்துத்தான் எடுத்தேன், அழகாக வந்தது. கடைசியாக ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து ஒரு துடைப்பு. தின்னர் வேண்டாம், பாலிபுரொப்பிலீன் தாங்கினாலும் பக்கத்தில் இருக்கும் பெயின்ட்டும், ஏ.பி.எஸ் பிளாஸ்டிக்கில் செய்த பாகங்களும் தாங்காது.

ஒரு விஷயம். போர் தண்ணீரில் கழுவிக் காயவிட்டால் உப்பு வட்டம் வட்டமாகப் படியும், அதன் மேல் எதைப் பூசினாலும் புள்ளி தெரியும். கடைசிக் கழுவலுக்கு மழைத் தண்ணீர் கிடைத்தால் உத்தமம். வளவுக் கூரையிலிருந்து விழும் தண்ணீரை அண்டாவில் பிடித்த பரம்பரை நாம். இரண்டு வாளி காருக்குப் போனால் குடி முழுகாது.

பூசியது எட்டு மாதத்துக்கு வந்தது. கதவுக் கிளாடிங் ஆடி வரைக்கும் அப்படியே நின்றது. மேலே வானத்தைப் பார்த்துக் கிடக்கும் பம்பர் விளிம்பும் வைப்பர் ஜல்லடையும் மட்டும் ஐந்தாம் மாதமே மங்கின. அந்த இரண்டு இடத்துக்கு மட்டும் பத்து நிமிஷத்தில் மறு பூச்சு. பழைய பூச்சை உரிக்கத் தேவையில்லை, மேலேயே பூசலாம். தப்பு நடந்தாலும் திருத்திக்கொள்ளலாம் என்பதுதான் டையில் எனக்குப் பிடித்த குணம்.

அதற்கும் குறை உண்டு. கறுப்புக்கு மட்டும்தான் ஆகும். தொழிற்சாலையிலேயே சாம்பல் நிறத்தில் வார்த்த பம்பருக்குப் பூசினால் காக்கை நிறமாகிவிடும். வெள்ளைக் காரின் பெயின்ட்டில் பட்டு வெயிலில் காய்ந்தால் எடுப்பது கஷ்டம். மாஸ்கிங் டேப் ஒட்டாமல் தொடாதீர்கள். கையுறை போடாவிட்டால் நகக்கண்ணில் ஒரு வாரம் இருக்கும். நான் போடவில்லை.

செராமிக் வேறு ஜாதி. சிலிக்கா அடிப்படையிலான திரவம், காற்றின் ஈரத்தோடு சேர்ந்து மெல்லிய கெட்டிப் படலமாக இறுகிவிடும். செராகோட் மாதிரி ஈரத் துணிகளாக வருவதும் உண்டு, சின்னக் குப்பியில் வருவதும் உண்டு. சரியாகப் பூசினால் டையைவிட நீண்ட நாள், பெரும்பாலும் வருஷத்தைத் தாண்டி நிற்கும். தூசி ஒட்டுவது குறையும், மழைத் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடும். நிறமி இல்லாத வகையானால் சாம்பல் பம்பருக்கும் போடலாம்.

"சரியாக" என்ற சொல்லில்தான் சிக்கல். இது அடியில் இருப்பதைப் பூட்டி வைக்கும். நன்றாகக் கழுவாத செம்மண் இருந்தால் அதையும் சேர்த்துப் பூட்டும். துடைக்க இரண்டு நிமிஷம் தாமதித்தால் பட்டை பட்டையாக இறுகும். அப்புறம் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும், தேய்த்தால் பிளாஸ்டிக்கின் சொரசொரப்பும் போகும். பூசியபின் ஒரு முழு நாளாவது தண்ணீர் படக்கூடாது, தூசியும் படக்கூடாது. தெருவில் நிறுத்துகிறவனுக்கு ஒரு நாள் தூசி படாத இடம் எங்கே இருக்கிறது? மாவு உதிரும் அளவுக்கு முற்றிய பிளாஸ்டிக்கில் பூசினால், படலம் பிடித்துக்கொள்வது அந்த மாவைத்தான். மாவு உதிரும்போது படலமும் உதிரும். அதற்கு முதலில் டை, சில நாள் கழித்து மேலே செராமிக் என்று செய்பவர்கள் உண்டு. இரண்டு குப்பியும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகுமா என்பதைக் குப்பியின் குறிப்பைப் படித்துவிட்டுத்தான் இறங்க வேண்டும்.

ஷெட்டும் பொறுமையும் உள்ளவர், காரை இன்னும் நாலைந்து வருஷம் வைத்திருக்கப் போகிறவர் செராமிக் பக்கம் போகலாம். எனக்கு இரண்டும் கிடையாது.

ஹீட் கன்

வீடியோக்களில் மாயாஜாலம் மாதிரி காட்டுவார்கள். சூட்டுக் காற்றை வீசினால் சாம்பல் கண் முன்னால் கறுப்பாகும். பொய் இல்லை. மேல்தோல் இளகி வெடிப்புகள் மூடிக்கொள்வதால் அப்படித் தெரிகிறது. ஆனால் தீர்ந்துபோன வெயில் காப்பு இதனால் திரும்பி வருவதில்லை. முன்னைவிடச் சீக்கிரமே மறுபடி வெளுக்கும். பாலிபுரொப்பிலீன் சுமார் 160 டிகிரியில் உருகும். ஹீட் கன்னின் காற்று 300 டிகிரிக்கு மேல் சாதாரணமாகப் போகும். ஒரு இடத்தில் ஒரு மூச்சு கூடுதலாக நின்றால் சொரசொரப்பு அழிந்து வழவழவென்று திட்டு விழும். அதைச் சரிசெய்ய வழியே கிடையாது. கழற்றிப் போட்ட பழைய ஜல்லடையில் செய்து பார்த்தேன். முதல் ஒரு அடி பிரமாதம், இரண்டாவது அடியில் போன் அடித்தது, கை நின்றது, ஜல்லடை நெளிந்தது. கண்ணாடிக்குப் பக்கத்தில் இதைச் செய்வது அதைவிடப் பைத்தியக்காரத்தனம்.

பெயின்ட், ஸ்டிக்கர், புதுசு

பாலிபுரொப்பிலீனில் சாதாரண பெயின்ட் ஒட்டாது. பிளாஸ்டிக் பிரைமர் அடித்து அதன் மேல் அடித்தால்தான் நிற்கும். பட்டறையில் "பிரைமர் போடுவீங்களா?" என்று கேட்டுவிட்டு, போடும்போது கூடவே நின்று பாருங்கள். போடாமல் அடித்தால் ஆறு மாதத்தில் வெயிலில் தோல் உரிவது மாதிரி தகடாக உரியும். அதுவரை போட்ட டயர் பாலிஷ் சிலிக்கோன் இருந்தால் இன்னும் சீக்கிரம். ஒழுங்காகச் செய்தால் நீடிக்கும். ஆனால் கல் தெறித்த இடமெல்லாம் புள்ளி விழும், பிறகு எப்போதும் பெயின்ட்தான். கீறலும் வெடிப்புமாகப் போன பம்பருக்கு மட்டும் இது.

ஸ்டிக்கர் சொரசொரப்பான பரப்பில் சரியாக ஒட்டாது, அதோடு விட்டுவிடுகிறேன்.

புதுப் பாகம் மாற்றுவதை யாரும் யோசிப்பதே இல்லை. வைப்பர் ஜல்லடை மாதிரிச் சின்னத் துண்டுக்குக் கம்பெனி ஸ்பேரின் விலையை ஒருமுறை கேட்டுவிட்டு அப்புறம் குப்பி வாங்குங்கள். என் காருக்குக் கேட்டபோது ஒரு நல்ல ரெஸ்டோரர் குப்பிக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நான்கு கதவுக் கிளாடிங்கும் சேர்ந்து கேட்டபோது போனை வைத்துவிட்டேன்.

ரப்பரைத் தனியாகப் பாருங்கள்

இந்த ஒப்பீட்டில் அதிகம் பேர் சறுக்கும் இடம் இது. பிளாஸ்டிக்குக்கு வாங்கியதையே ரப்பருக்கும் தேய்த்துவிடுகிறார்கள். பிளாஸ்டிக் வெளுத்தால் கண்ணுக்குத்தான் உறுத்தல், கார் ஓடும். ரப்பர் இறுகினால் ஐப்பசி மழையில் கதவு வழியாகத் தண்ணீர் உள்ளே வரும்.

கானாடுகாத்தான் காரில் நான் பயந்தது இதற்காகத்தான். நிற்கிற காரின் கதவு ரப்பர் மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நசுங்கிக் கிடக்கிறது. திறந்தபோது "சர்ர்" என்று பிசின் பிரிகிற சத்தம் வந்தது. அதற்குத் தேவை டையோ பளபளப்போ இல்லை, சிலிக்கோன் கிரீஸ். முதலில் ஈரத் துணியால் துடைத்துக் காயவிட்டு, விரல் நுனியில் கொஞ்சம் எடுத்து, ரப்பர் முழுக்க கண்ணுக்குத் தெரியாத அளவுக்குத் தேய்த்துவிட வேண்டும். இ.பி.டி.எம்முக்கு சிலிக்கோன் பகை இல்லை, பெட்ரோலிய கிரீஸ்தான் பகை. பொதுவான கிரீஸ் டப்பாவை எடுத்துவந்த அண்ணனிடம் அதைச் சொல்லித் திருப்பி வைக்கச் சொன்னேன்.

கண்ணாடி இறங்கும் இடத்தில் வெளிப்பக்கம் இருக்கும் ரப்பர் பட்டைக்கு எதுவும் பூச வேண்டாம், சுத்தம் மட்டும் போதும். அதன் உதட்டுக்குள் செம்மண் பொடி சேர்ந்தால் கண்ணாடியை ஏற்றி இறக்கும் ஒவ்வொரு முறையும் கீறல். எண்ணெயோ கிரீஸோ போட்டால் மண் இன்னும் ஒட்டும். மெல்லிய துணியை ஈரமாக்கி ஏ.டி.எம் கார்டின் விளிம்பில் சுற்றி உள்ளே விட்டு இழுத்தால் வருவதைப் பார்த்து நீங்களே முகம் சுளிப்பீர்கள். வைப்பர் பிளேடுக்கு எந்தப் பாலிஷும் கூடாது. மழையில் கண்ணாடி முழுக்கப் படலம் படிந்து ராத்திரியில் எதிர் லைட் கண்ணைப் பறிக்கும். பிளேடு இறுகிவிட்டால் மாற்றுவதுதான் ஒரே வழி.

எலி, அணிலைப் பற்றி இங்கே சொல்லவில்லை. நிற்கிற கார் வைத்திருப்பவர்களுக்கு அது தனிப் புராணம்.

யாருக்கு எது

என்னைப் போலத் தெருவில் நிறுத்துகிறவருக்கு டை. வருஷத்துக்கு ஒரு முழுப் பூச்சு, நடுவில் வானம் பார்த்த இடங்களுக்கு ஒரு மறுபூச்சு, மாதம் ஒருமுறை கழுவும்போது பால் புரொடெக்டன்ட். பூசுவதற்கு மார்கழி, தை நல்ல காலம். அடைமழை ஓய்ந்திருக்கும், பிளாஸ்டிக் தொட்டால் சுடாது. சித்திரையில் பத்து மணிக்குப் பூசினால் துடைப்பதற்குள் காய்ந்துவிடும்.

வாடகைக்கு ஓட்டுகிறவர் தினம் கழுவுவார். அவருக்கு செராமிக்கின் ஆயுளும் தினசரிக் கழுவலில் குறையும், டையின் ஆயுளும் குறையும். அதனால் மலிவும் திருத்துவதற்குச் சுலபமும் ஆன டைதான். காரை விற்கப் போகிறவர் நன்றாகக் கழுவி பால் புரொடெக்டன்ட் அடித்தால் போதும். வாங்க வருகிறவர் விவரமானவராக இருந்தால் டயர் பாலிஷின் பளபளப்பைப் பார்த்ததுமே விரலை வைத்துத் தேய்ப்பார். பியானோ மாதிரி மின்னும் வழவழப்புக் கறுப்புப் பாகங்களுக்கு இவை எதுவுமே இல்லை. அவற்றின் வியாதி கீறல், அதற்கு வைத்தியம் வேறு. ஹெட்லைட் மஞ்சளாவதும் அப்படியே, அது பாலிகார்பனேட் சமாச்சாரம்.

கானாடுகாத்தான் காருக்கு நாங்கள் முதலில் குப்பி எதுவும் வாங்கவில்லை. கொட்டகையின் திறந்த பக்கத்துக்கு ஒரு தென்னந் தட்டி கட்டினோம். அண்ணனே முடைந்தார். கார் உறை போடலாமே என்று நண்பர் சிங்கப்பூரிலிருந்து கேட்டார்; உறைக்கு அடியில் செம்மண் இருந்தால் காற்றில் அது ஆடி ஆடிப் பெயின்ட்டைத் தேய்க்கும், கழுவிவிட்டு உறை போட்டால்தான் சரி என்றதும் தட்டியே போதும் என்றுவிட்டார். பிறகு கதவு ரப்பருக்கு சிலிக்கோன் கிரீஸ், வலது பக்கத்துக்குப் புரொடெக்டன்ட், இடது பக்கத்துக்கு என் குப்பியில் மீந்திருந்த டை.

பூசிக்கொண்டிருக்கும்போது அண்ணன் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். முடித்துவிட்டு நிமிர்ந்தால், நண்பரின் பெரியாச்சி வெள்ளைச் சேலையில் காரைப் பார்க்க வந்துகொண்டிருக்கிறார். கதவில் கை வைப்பதற்குள் ஓடிப்போய்த் துணியால் இன்னொரு முறை அழுத்தித் துடைத்தேன். துணியைத் திருப்பிப் பார்த்தேன். கறுப்பு இல்லை. "தொடலாம் ஆச்சி" என்றேன்.